உலகம்மா கடை ஸ்டாப்

மருதங்கோட்டையில் யாரிடம் வழி கேட்டாலும் இல்லாத ஒன்றைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். தாலுகா ஆபீசுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், புளியமரத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ரைஸ்மில்லுக்கு எதிர்த்த சந்தில் நுழையச் சொல்வார்கள். கேட்டவன் வெளியூர்க்காரனாக இருந்தால், மரத்தைத் தேடித் தேடிக் கண் பூத்து, வெயிலில் நாக்குத் தள்ளி, மறுபடி வந்து மரம் எங்கே என்று நிற்பான். அவர்கள் கொஞ்சமும் கூச்சப்படாமல், "மரமா? அதை வெட்டி இருபத்திரண்டு வருசம் ஆச்சே. நீங்க நிக்கது அது நின்ன இடந்தான்" என்பார்கள். ரோட்டை அகலப்படுத்த மரம் போனது, மேம்பாலத்துக்காக ரயில்வே கேட் போனது, ரைஸ்மில் கல்யாண மண்டபமாக மாறிப்போனது. பெயர்களை இடிக்க மட்டும் யாரும் டெண்டர் விடவில்லை, அதனால் அவை அப்படியே நின்றன.

அந்தப் பெயர்களை ஒரு நாளைக்குப் பதினாறு தடவை உரக்கச் சொல்லும் வேலை வெயிலுமுத்துவுடையது. பஸ் நிலையத்துக்கும் செங்கல்சூளைக்கும் இடையே ஓடுகிற பதினோராம் நம்பர் டவுன் பஸ்ஸில் இருபத்தொன்பது வருடமாக அவர்தான் கண்டக்டர். பின்படிக்கட்டில் ஒரு காலை வைத்து, கம்பியில் ஒரு கையைக் கோத்து, தலையை வெளியே நீட்டி அவர் "புளியமரம், புளியமரம்" என்று கூப்பிடும்போது, ஏதோ வெகுதூரம் போய்விட்ட ஆளைத் திரும்ப அழைப்பது மாதிரி ஒரு இழுப்பு இருக்கும். அப்படி அவரை யாரும் கூப்பிடச் சொல்லவில்லை, கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை.

ஒரு சித்திரை மாத மத்தியானம், தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற நேரத்தில், வெயிலுமுத்து புளியமரம் என்று கூப்பிட்டதும், பூக்காரி சந்தனமாரி கூடையோடு இறங்கி, இறங்கிய இடத்திலேயே கூடையை வைத்து உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல நெழலு" என்றாள். அப்போதுதான் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலே மரம் இல்லை, கிளை இல்லை, வானம் வெறுமனே வெளுத்துக் கிடந்தது. கீழே ரோட்டில் மட்டும் நாலு மாட்டுவண்டி நிற்கிற அகலத்துக்குப் பொடிப்பொடி இலைகளின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு டிரைவர் மிக்கேல், "டைம் ஆச்சு அண்ணாச்சி" என்றார், பஸ் கிளம்பியது.

மறுநாள் நிழலில் ஒரு சர்பத் வண்டி நின்றது. அதற்கு மறுநாள் முடி திருத்துகிறவர் ஒருவர் நாற்காலியும் கண்ணாடியும் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்ட ஆணியை எங்கே அடிப்பது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிறகு நாற்காலியில் உட்காருகிறவர் மடியிலேயே வைத்துவிட்டார். பொழுது சாயச் சாய நிழல் கிழக்கே நகர, நாற்காலியும் வண்டியும் பூக்கூடையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்ந்தன. புளியமரத்து நிழலில் இருட்டிய பின் படுத்தால் பேய் அமுக்கும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு; மரமே இல்லாதபோது பேய் எதில் உட்காரும் என்று யாரோ கேட்டார், அது நியாயமாகப் பட்டதால் அந்தப் பயத்தை அத்தோடு விட்டுவிட்டார்கள். ரோடு ஆபீசிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து நிழலை நீளமும் அகலமும் அளந்து, ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அதே நிழலில் ஒரு சர்பத் குடித்துப் போனார்.

அடுத்தது ரயில்வே கேட். மேம்பாலத்தின் உச்சியில் வெயிலுமுத்து அந்தப் பெயரைச் சொன்னதும், எதிரே வந்த லாரி நின்றது, பின்னால் வந்த ஆட்டோ நின்றது, சைக்கிள்காரர்கள் ஒரு காலை ஊன்றி நின்றார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "எந்த ஊரு" என்று ஆரம்பித்து, மழை, பிள்ளைகள், மூட்டுவலி என்று பேசிக்கொண்டே போனார்கள். வெள்ளரிப் பிஞ்சுக்காரி எங்கிருந்தோ வந்து ஜன்னல் ஜன்னலாக நீட்டினாள். ஏழு நிமிடம் கழித்துப் பாலம் லேசாக அதிர்ந்து, ஒரு காற்று குறுக்கே அடித்துப் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பினார்கள். அந்த ஏழு நிமிடத்தில் பேசி முடித்த கல்யாணங்கள் மட்டும் ஆவணிக்குள் மூன்று.

ரைஸ்மில்லில் அவித்த நெல்லின் வாசம் வந்தது. கூடவே சன்னமாகத் தவிடும் இறங்கியது. மண்டபத்துக்குள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் எழுந்திருக்கும்போது தலை நரைத்துப் போயிருந்தார்கள், மாப்பிள்ளை உட்பட. பெண் வீட்டார் மட்டும் கொஞ்சம் முகம் சுளித்து, பிறகு துடைத்தால் போய்விடுகிறது என்று தெரிந்ததும் சமாதானமானார்கள்.

இதெல்லாம் யாரால் நடக்கிறது என்பதை ஊர் கண்டுபிடித்தது வெயிலுமுத்து லீவு போட்டபோதுதான். சொந்தத்தில் ஒரு சடங்கு என்று அவர் இரண்டு நாள் போக, வேறு டிப்போவிலிருந்து வந்த கண்டக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "ஸ்டாப்பிங் ரெண்டு இறங்கு, ஸ்டாப்பிங் மூணு இறங்கு" என்றார். நிழல் விழவில்லை. பாதி சவரத்தோடு நாற்காலியில் இருந்தவர் பாதி முகம் கறுத்து வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் காலையில் வெயிலுமுத்துவின் வீட்டு வாசலில் சர்பத் வண்டிக்காரரும் முடி திருத்துகிறவரும் பூக்காரியும் நின்று, இனிமேல் சொந்தத்தில் சடங்கு கிடங்கு வைத்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

மிக்கேல்தான் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். டிரைவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே யோசிப்பதால் அவர்களுக்கு எல்லாம் நேராகவே தோன்றும். "மரம் வரல, நெழலுதான் வந்துச்சு. ரயிலு வரல, நாம காத்துக் கெடந்ததுதான் வந்துச்சு. போன பொருளு போனதுதான் அண்ணாச்சி. அது ஊருக்குக் குடுத்தது இருக்கு பாத்தீகளா, அது மட்டும் கூப்பிட்டா வருது."

வெயிலுமுத்து பையில் டிக்கெட் கட்டுகளுக்கு அடியில் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு, விசிலை ஊதினார்.

வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில், பிறகு வேன் பிடித்து, பிறகு கழுத்தில் கேமராவோடு. பேரூராட்சித் தலைவர் பால்வண்ணம் விடுவாரா. அதுவரை மருதங்கோட்டை என்றால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் தாண்டிப் போய்விட்டுத் திட்டுகிற ஊர் என்றுதான் பெயர். அவர் மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்தார். மரமில்லா நிழல்: காலை பத்து முதல் மாலை நாலு வரை, மேகம் இருந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. ரயிலில்லாக் காத்திருப்பு: அவசர வேலை உள்ளவர்கள் தவிர்க்கவும். தவிட்டு மழை: துண்டு கொண்டுவருதல் நலம். மூன்றோடு நிறுத்தினால் தாளில் பாதி வெறுமையாகத் தெரிந்ததால், சும்மா கிடந்ததையும் சேர்த்தார்: சந்தைத் தெரு டிரான்ஸ்பார்மர், பதினேழு வருடமாகச் சாய்ந்துகொண்டே இருந்தும் விழாத தண்ணீர் டேங்க், ஏறி இறங்கும் எவரும் அம்மா என்று சொல்லாமல் போக முடியாத கோர்ட் வாசல் வேகத்தடை.

ஆச்சரியம் என்னவென்றால் வந்தவர்கள் டிரான்ஸ்பார்மரையும் அதே பயபக்தியோடு பார்த்தார்கள். அதன் ரீங்காரத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்கள், வேகத்தடையில் மூன்று தடவை ஏறி இறங்கினார்கள், டேங்க் சாய்கிற பக்கமாகத் தாங்களும் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பார்ப்பதைப் பார்த்து ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். தினமும் டிரான்ஸ்பார்மருக்கு அடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காய் வாங்கப் போனவர்கள், இதற்கு இவ்வளவு அழகான சாம்பல் நிறமா என்று முதல் தடவையாக நின்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ டிரான்ஸ்பார்மர் வேலிக் கம்பிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மடியில் சின்ன நோட்டை விரித்து ஸ்டாப்பிங் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தவர், மேம்பாலம் இறங்கியதும் தலையைத் தூக்கினார். "ஏனுங்க கண்டக்டர்ங்க, எல்லா ஸ்டாப்புக்கும் பேர் சொல்றீங்க. இதுக்கு மட்டும் விசில் அடிச்சு உட்டுட்டீங்களே. இதுக்குப் பேரு இல்லீங்களா?"

வெயிலுமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தனமாரிதான் சொன்னாள்: "அது ரைஸ்மில்லுக்கு முந்தின ஸ்டாப்பு, தாயி." அந்த அம்மாவும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அது உலகம்மா கடை. உலகம்மாள் வெயிலுமுத்துவின் பெண்டாட்டி. மேம்பாலம் இறங்குகிற இடத்தில் தகரக் கூரை போட்டு இட்லியும் சுக்குக்காபியும் விற்றாள். சூளைக்குப் போகிறவர்கள் காலையில் அங்கேதான் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு நடப்பார்கள், அதனால் அது ஸ்டாப்பிங் ஆனது. பதினோராம் நம்பர் அங்கே நிற்கிற அரை நிமிடத்தில் அவள் ஒரு டம்ளர் சுக்குக்காபியைப் பின்படிக்கட்டுக்கு நீட்டுவாள். "இந்தாங்க, பிடிங்க." வெயிலுமுத்து வாங்கி, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றி, "கருப்பட்டி கூடிப்போச்சு" என்பார். "நாளைக்குக் குறைச்சுப் போடுதேன்" என்பாள் அவள். விசில், பஸ் கிளம்பும். சூளைக்குப் போய்த் திரும்பும்போது அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்து நின்று காலி டம்ளரை வாங்கிக்கொள்வாள். பத்தொன்பது வருடம் இது நடந்தது. கருப்பட்டி ஒரு நாளும் குறையவில்லை, அவரும் ஒரு நாளும் அதைச் சொல்லாமல் இருக்கவில்லை. வேலை நேரத்தில் பெண்டாட்டியிடம் வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு தை மாதம், போகும்போது டம்ளரை நீட்டியவள், வரும்போது எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. கடை வாசலில் கூட்டம் நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், எழுந்திருக்கவில்லை. வெயிலுமுத்துவின் கையில் காலி டம்ளர் இருந்தது. அதை வாங்க ஆளில்லாததால் அது பையிலேயே தங்கிவிட்டது. கடையைப் பிரித்து அங்கே சாக்கடைக்கு மூடி போட்டார்கள், மூடிமேல் ஒரு செல்போன் விளம்பரப் பலகை நட்டார்கள். அன்றிலிருந்து வெயிலுமுத்து அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பயணிகளும் சொல்லவில்லை; டிக்கெட் கேட்கும்போது ரைஸ்மில்லுக்கு முந்தினது என்று கேட்டார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வரைக்கும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை, அதுவாக நடந்தது.

இப்போது பால்வண்ணம் பஸ்ஸிலேயே ஏறி வந்து அதைக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, நோட்டீசில் இன்னும் இரண்டு விரற்கடை இடம் இருந்தது, அவ்வளவுதான். "அண்ணாச்சி, நீங்க ஜூன் முப்பதோட ரிட்டயர்டு. அதுக்குள்ள அதையும் ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துருங்களேன். நாலாவது எடமாப் போட்டுருவோம்."

"நோட்டீசுல போடுறதுக்கு அவ என்ன டிரான்ஸ்பார்மரா?" என்றாள் சந்தனமாரி.

தலைவர் அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கிக்கொண்டார். ஆனால் வெயிலுமுத்து ஓய்வு பெற்றபின் ஊர் என்ன செய்யும் என்ற கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது. பட்டணத்திலிருந்து இனிமையான குரல் ஒன்றில் பெயர்களைப் பதிவு செய்து வாங்கி, பஸ்ஸில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டுப் பார்த்தார். "அடுத்த நிறுத்தம், புளிய மரம்" என்றது குரல். பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி வட்டமாக, ஒழுங்காக, ஒரு குடை அளவுக்கு ஒரு நிழல் விழுந்தது. அதில் ஒரு நாய்தான் படுக்க முடிந்தது. எரிச்சலில் சந்தனமாரி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏ புளியமரம்" என்று ஒரு சத்தம் போட்டாள். நாலு வண்டி அகலத்துக்கு நிழல் வந்து இறங்கியது.

ஆக, மனசறிந்து யார் கூப்பிட்டாலும் வரும் என்று தெரிந்துவிட்டது. ஊருக்கு இருந்த கவலை தீர்ந்தது. வெயிலுமுத்துவின் கவலை அன்றுதான் முழுசாக ஆரம்பித்தது. உலகம்மா கடையையும் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுவிடலாம். அவர் போனபின் தெரியாத்தனமாக யாராவது கூப்பிடுவார்கள், ஏதாவது வரும், அது வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். சந்தனமாரியிடம் ஒருத்தி மெதுவாக, நாமளே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போமா என்று கேட்டதற்கு, "நாம கூப்பிட்டா நமக்குத்தானட்டி வரும், அவருக்கு எப்படி வரும்?" என்று அவள் சொன்னது வெயிலுமுத்துவின் காதில் விழுந்தது.

ஜூன் இருபத்தொன்பது மத்தியானம், செங்கல்சூளையில் பஸ்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டு இருவரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோது, மிக்கேலிடம் சொன்னார். "பயமா இருக்குடே."

"எதுக்குப் பயம்?"

"மரம் நெழலைக் குடுத்துச்சு. நான் கூப்பிட்டு, ஒண்ணுமே வரலைன்னு வையி. பத்தொன்பது வருசத்துல அவ எனக்குக் குடுத்தது எதையும் நான் வாங்கிக்கிடவே இல்லைன்னுதான அர்த்தம். அன்னைக்கும் கருப்பட்டி கூடிப்போச்சுன்னுதான் சொன்னேன். அதுதான் கடைசியா அவ கேட்டுட்டுப் போனது."

மிக்கேல் எலுமிச்சங்காய் ஊறுகாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "நாளைக்கு அங்கன அரை நிமிசத்துக்குப் பதிலா ஒரு நிமிசம் நிப்பாட்டுதேன். வேற என்னால என்ன செய்ய முடியும்" என்றார்.

ஜூன் முப்பது சாயங்காலம் கடைசி நடைக்கு பஸ் நிலையத்தில் உட்கார இடமில்லை. சூளைப் பக்கம் வேலையே இல்லாதவர்கள் எல்லாம் செங்கல்சூளைக்கு டிக்கெட் கேட்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. சந்தனமாரி கூடையில் மிச்சமிருந்த சரத்தை முன்கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். புளியமரம் என்று வெயிலுமுத்து கூப்பிட்டார், பொழுது சாய்ந்ததால் நிழல் ரோட்டின் அடுத்த முனைவரை நீண்டு விழுந்து பஸ்ஸை ஒரு தடவை நீவிவிட்டுப் போனது. ரயில்வே கேட் என்று கூப்பிட்டார், ஏழு நிமிடம் நின்றார்கள், அன்றைக்கு அந்த ஏழு நிமிடத்திலும் பஸ்ஸுக்குள் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. காற்று குறுக்கே போனது. பஸ் பாலத்திலிருந்து இறங்கியது.

விசில் வாய்வரை வந்தது. வெயிலுமுத்து அதைக் கழுத்துக் கயிற்றில் தொங்க விட்டுவிட்டு, பைக்குள் கையை விட்டு டம்ளரை எடுத்தார். பின்படிக்கட்டில் ஒரு காலை வைத்து, கம்பியில் கையைக் கோத்து, தலையை வெளியே நீட்டினார். முதல் தடவை சத்தம் வரவில்லை. பஸ்ஸில் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் நாக்கு நுனியில் நின்றது, ஒருவரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை, அவரே சொல்லட்டும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"உலகம்மா கடை" என்றார். பிறகு, வெகுதூரம் போய்விட்ட ஆளைக் கூப்பிடுகிற அதே இழுப்போடு, "உலகம்மா கடை, உலகம்மா கடை" என்றார்.

மிக்கேல் பஸ்ஸை நிறுத்தினார். விளம்பரப் பலகை அப்படியே நின்றது, சாக்கடை மூடி அப்படியே கிடந்தது. தகரக் கூரை வரவில்லை, அடுப்பு வரவில்லை. முதல் சீட்டில் ஒரு பெரியவர் ஏப்பம் விட்டார். பக்கத்தில் இன்னொருவர். மத்தியானம் சாப்பிடாமல் ஓடிவந்த ஒரு பெண் வயிற்றைத் தடவிப் பார்த்தாள், நிறைந்திருந்தது. சந்தையில் மூட்டை சுமந்துவிட்டுப் பசியில் எரிச்சலோடு ஏறியவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி சாந்தமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஐம்பது பேரும் சாப்பிட்டு எழுந்த முகத்தோடு இருந்தார்கள், சந்தனமாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவிமட்டை, இவ்வளவையா போட்டா" என்றாள்.

வெயிலுமுத்துவுக்கு வயிறு நிறையவில்லை. அவர் டம்ளரை நீட்டியபடியே நின்றார். அரை நிமிடம் ஆனது. வழக்கமாக விசில் ஊதுகிற நேரம் தாண்டியது. மிக்கேல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கையை ஸ்டியரிங்கில் வைத்திருந்தார். பிறகு டம்ளர் சுட்டது. முதலில் அடியில், பிறகு விளிம்புவரை, பிடிக்க முடியாத சூடு. அவர் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் சட்டென்று துண்டு நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. அண்ணாந்து வாயில் ஊற்றினார். சுக்கின் காரம் தொண்டையைப் பிடித்தது, அதன் பின்னாலேயே கருப்பட்டி வந்தது, திகட்டத் திகட்ட, இன்றைக்கும் கொஞ்சம்கூடக் குறைக்காமல்.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர் விளம்பரப் பலகையைப் பார்த்து, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "கருப்பட்டி சரியா இருக்கு."

ரைஸ்மில்லில் எல்லோர் தலையிலும் தவிடு விழுந்தது. சூளைக்குப் போய்ப் பஸ் திரும்பியபோது இறங்க வேண்டியவர்கள்கூட இறங்காமல் அப்படியே வந்தார்கள். திரும்பி வரும் வழியில் அவர் அந்தப் பெயரைச் சாதாரணமாக, மற்ற பெயர்களைச் சொல்கிற மாதிரியே சொன்னார். பஸ் எதிர்ப்பக்கம் நின்றது. வெயிலுமுத்து காலி டம்ளரை வெளியே நீட்டி, நீட்டிய கையைப் பார்க்காமல், டிக்கெட் கட்டைச் சரி செய்கிற மாதிரி பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டைக் கடந்து வர அவளுக்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும்.

கையை உள்ளே இழுத்தபோது அது வெறும் கையாக இருந்தது. அவர் விசிலை எடுத்து ஊதி, "போலாம், ரைட்" என்றார்.